அதே மீன்தான்

நான் எடுத்த படங்களைப் பார்த்து ஓர் ஊரே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. அந்தப் பெருமை எனக்குப் பதினோரு வயதிலேயே கிடைத்துவிட்டது. மொத்தம் ஏழு படங்கள். ஏழிலும் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கெளுத்தி மீன். ஏழிலும் இருப்பது ஒரே மீன்தான் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. அதற்கு வேண்டிய சாட்சியை நான்தான் சொன்னேன். இன்றைக்கும் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்குப் போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

மாமா அம்மாவின் அண்ணன். காதர்பேட்டையில் பனியன் மூட்டை கட்டும் வேலைக்குப் போய், பிறகு கடை வைத்து, பிறகு சாயப்பட்டறை வைத்து, வீரபாண்டிப் பக்கம் மூன்று மாடி வீடு கட்டியவர். அப்பா அவருடைய பட்டறையில் மேனேஜர். விசிட்டிங் கார்டில்தான் மேனேஜர். மாமா உள்ளேயிருந்து “மாப்ளே” என்று ஒரு குரல் கொடுத்தால், குடித்துக்கொண்டிருக்கும் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற மேனேஜர். நாங்கள் குடியிருந்த வீடு மாமாவுடையது. என் பள்ளிக்கூட ஃபீஸும் மாமாவுடையதுதான். அம்மா இதையெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள். அப்பா அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார்.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். ஊரில் ஓடைக்கரையை ஒட்டி ஆறு ஏக்கர், ஒரு கிணறு, தென்னை, மஞ்சள், நான்கு மாடுகள். மாமாவின் பட்டறை அதே ஓடைக்கரையில் இரண்டு மைல் மேலே இருந்தது. மேலே சாயம் போட்டால் கீழே கிணறு என்ன ஆகும் என்பதை யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓடையில் இறங்கிய பெரியப்பா வீட்டு வெள்ளைக் கன்றுக்குட்டியின் கால்கள் ஒரு வாரம் முழங்கால் வரை இளஞ்சிவப்பாக இருந்தன. நான் அதை அழகு என்று நினைத்து, கழுவ வேண்டாம் என்று அழுதிருக்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் பெரியப்பா மனு எழுதினார். பட்டறைக் குழாயை ஓடையிலிருந்து எடுக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸுக்கு. அவர் பெயருக்குக் கீழே, ஓடைக்கரையில் நிலம் வைத்திருந்த காட்டுக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மனு போய்ச் சேர்ந்தால் கரண்ட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மாமாவுக்குப் பயம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் ஆபீஸ் வாசலில் போய் நிற்பதா என்று ஊரில் நான்கு பேர் நடுவில் வந்தார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் மாமா கற்பூரத்தை ஏற்றிவைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். அப்பா அன்று இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தாராம். வந்து அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்ற பட்டறையில டிரீட்மென்ட் பண்ணித்தானுங்க தண்ணி உடறேன். நம்பிக்கை இல்லைன்னா அந்தத் தண்ணியில மீனு உட்டு ஒரு மண்டலம் வளத்துக் காட்டறேன். நாப்பத்தெட்டு நாளு. மீனு செத்துப்போச்சுன்னா நானே குழாயை அடைச்சுப்போடறேன். பொழச்சுதுன்னா மனுவைக் கிழிச்சுப்போடோணும்.”

மண்டலம் என்ற வார்த்தை எங்கள் பக்கத்தில் பெரிய வார்த்தை. மருந்து, விரதம், நேர்த்தி எல்லாம் அந்தக் கணக்குதான். சாமி முன்னால் ஒருவன் மண்டலம் சொன்னால் அதற்கு மேல் ஆய்வுக்கூடம் எதற்கு என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. படித்தவர்கள் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களாம், அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். பெரியப்பா ஒன்றே ஒன்று கேட்டாராம். மீனை நான் கொண்டுவந்து தருகிறேன், கெளுத்தியாக இருக்கட்டும், ஓடையில் கடைசியாகச் செத்தது கெளுத்திதான், அது பிழைத்தால் எனக்குப் பேச்சே இல்லை என்று. மாமா உடனே சம்மதித்துவிட்டார்.

மீன் எங்கே இருக்க வேண்டும் என்று அடுத்த தகராறு. பட்டறையில் வைத்தால் வேலைக்காரர்கள் ஏதாவது செய்துவிடுவார்கள் என்றார் மாமா. ஊரில் வைத்தால் பெரியப்பா பக்கத்தார் ஏதாவது செய்துவிடுவார்கள். கடைசியில் மாமா வீட்டு ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டி என்று ஆனது. ஊர்க்காரர்கள் தினமும் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீனைப் படம் எடுத்து, தேதியோடு பிரிண்ட் போட்டு, கோயில் தர்மகர்த்தாவிடம் கொடுத்துவிட வேண்டும். படம் எடுப்பது யார்? இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளாக இருக்க வேண்டும். ஒருவருக்கு மருமகள், இன்னொருவருக்கு மகள் முறை என்று அந்தக் கூட்டத்தில் தேறியது நான் ஒருத்திதான்.

இப்படியாக நான் நடுநிலையாளர் ஆனேன்.

மாமா ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது வாங்கிவந்த டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. வெள்ளி நிறம், சோப்பு டப்பா அளவு. படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி விழும். எங்கள் வகுப்பில் யாரும் அப்படி ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. மாமா அதை என் கழுத்தில் மாட்டிவிட்டு, “மண்டலம் முடியட்டும், இது உனக்கேதான் கண்ணு” என்றார். ஒரு சாட்சிக்கு இதற்கு மேல் என்ன கொடுக்க முடியும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியதெல்லாம் என் மாமாவைப் போல ஒரு மாமா உலகத்திலேயே கிடையாது என்பதுதான்.

பெரியப்பா மீனை மடத்துக்குளத்திலிருந்து கொண்டுவந்தார். அங்கே பெரியம்மாவின் பிறந்த வீட்டுப் பக்கம் வாய்க்காலில் இன்னும் மீன் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் ஊற்றி, வாயில் வேட்டித் துணியைக் கட்டி, இரண்டு பஸ் மாறி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். மாமா வீட்டு மார்பிள் தரையில் அவருடைய கால் நனைந்து தடம் தடமாக விழுந்தது. அத்தை துடைக்கும் துணியோடு பின்னாலேயே நடந்தார்.

தொட்டியிலிருந்த தங்க மீன்களையும் பிளாஸ்டிக் நீச்சல்காரனையும் எடுத்துவிட்டார்கள். அப்பா பட்டறையிலிருந்து நீலக் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். லேசான டீ நிறம், பிளீச்சிங் வாசம். பெரியப்பா குடத்தைச் சாய்த்தார். ஒரு சாண் நீளத்தில், செதில் இல்லாத, சாம்பல் வழுவழுப்பு ஒன்று நழுவி உள்ளே விழுந்தது. எட்டு மீசை. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டி எண்ணினேன். இடது பக்கத்துப் பெரிய மீசை பாதிதான் இருந்தது.

“வலையில மாட்டி அறுந்துபோச்சு கண்ணு,” என்றார் பெரியப்பா. “நீ நல்லாப் பாத்துக்க.”

எனக்கு அந்தப் பாதி மீசைதான் ரொம்பப் பிடித்தது.

மீனைப் படம் எடுப்பது மனிதர்களைப் படம் எடுப்பதுபோல் இல்லை. சிரி என்று சொன்னால் சிரிக்காது. முதல் ஞாயிறு நான் முப்பது படம் எடுத்தேன். பத்தில் பளிச்சென்று ஃப்ளாஷ் வெள்ளை. பத்தில் கண்ணாடிக்குள் என் முகம், என் வெள்ளைச் சட்டை, பின்னால் அத்தையின் ஃப்ரிட்ஜ். மிச்சத்தில் வால். அந்தக் கேமராவில் பட்டனை அழுத்தினால் ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் படம் விழும். அதற்குள் மீன் போயிருக்கும். அதுவும் கெளுத்தி வெளிச்சத்தைக் கண்டால் மூலைக்குப் போகிற ஜாதி. ஆனால் இந்தக் கெளுத்தி மூலைக்குப் போகவில்லை. எப்போது பார்த்தாலும் மேலே வந்து, தண்ணீர் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“மேல இருக்கறப்ப எடுக்காத கண்ணு,” என்றார் மாமா. “கீழ போறப்ப எடு. அப்பத்தான் அழகா இருக்கும்.”

நான் அழகுக்காகக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அது கீழே போனது. எடுத்தேன். கலங்கலாக, மங்கலாக, பாதி மீசையோடு ஒரு படம். அதைத்தான் பிரிண்ட் போட்டார்கள். இரண்டாவது ஞாயிறும் அதே கதைதான். மீன் இன்னும் கொஞ்சம் சோர்ந்திருந்தது. வயிற்றில் சிவப்பாக ஏதோ இருந்தது. “போட்டோ டல்லடிக்குது” என்று மாமா முகத்தைச் சுளித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. படம் மங்கலாக இருந்தது என் குறை என்றே நினைத்தேன். பிரிண்ட் போட்டுக்கொடுத்த ஸ்டுடியோக்காரரிடம் போய் யோசனை கேட்டேன். தொட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டு, ஃப்ளாஷை நிறுத்து, மேலே ஒரு டியூப்லைட் வை, நீயும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள், கண்ணாடியில் தெரியமாட்டாய் என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இதுதான் வேலை. அப்பா பட்டறையிலிருந்து கறுப்பு பனியன் துணி கட்பீஸ் கொண்டுவந்தார். கைப்பக்கம் தையல் பிசகி ரிஜெக்ட் ஆன கறுப்பு டி-ஷர்ட் ஒன்று என் முழங்கால் வரை தொங்கியது. மூன்றாவது ஞாயிறு காலையில் போர்க்களத்துக்குப் போவதுபோல் போனேன். போனால் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மீன் அடியில் உடைந்த சட்டித் துண்டுக்கு அருகே சுகமாகப் படுத்திருந்தது.

“தொட்டிய கழுவித் தண்ணி மாத்துனமுங்க அம்மிணி” என்றார் அத்தை. நீலக் கேன்கள் வழக்கம்போல வராந்தாவில் வரிசையாக நின்றன. அப்பாதான் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

நான்கே படம். நான்கும் அற்புதம். கேமராவின் சின்னத் திரையில் பட்டனை அமுக்கி அமுக்கிப் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. இடது மீசை முழுசாக இருந்தது. மீனும் கொஞ்சம் பருத்த மாதிரி. வயிற்றுச் சிவப்பு இல்லை.

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. ஒரு நொடிதான். பிறகு சிரித்தார்.

“மீசைதான கண்ணு? மொளைக்காதா? உங்கொப்பனுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ மொளைக்குதில்ல?”

அத்தை சிரித்தார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இனி மீனை வலது பக்கத்திலிருந்தே எடு, அந்தப் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்றார். எல்லா விஷயத்திலும் அறிவுள்ள மாமா, போட்டோகிராஃபியிலும் அறிவுள்ளவர் என்று வியந்தேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். அன்று மதியம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “மீனுக்கு மீசை மொளைக்குமாங்கப்பா?” என்று கேட்டேன். அவர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “மாமா சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்றார். கொஞ்சம் கழித்து, “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததை யாருகிட்டயும் சொல்லாத” என்றார். பெரியவர்கள் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்ன பிறகு சந்தேகப்படுவது எதற்கு? கழுத்தில் கேமராவின் கயிறு வேறு இருந்தது. நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நான்காவது ஞாயிறு வலது பக்கம். ஐந்தாவது ஞாயிறு, மாமா ஊரில் இல்லாத நாள், மீன் தானாகத் திரும்பி நேராக என்னைப் பார்த்தது. எட்டு மீசையும் விரிந்திருந்தன. பின்னால் கருகருவென்று இருட்டு, மேலே வெளிச்சம், நடுவில் அந்த முகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். இன்று வரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. மாமா இருந்திருந்தால் அதை பிரிண்ட் போட விட்டிருக்கமாட்டார். அப்பாவும் நானும்தான் ஸ்டுடியோவுக்குப் போனோம். எதைப் போடுவது என்று ஸ்டுடியோக்காரர் கேட்டபோது நான் அதைக் காட்டினேன். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தவர் போல இருந்தது. சொல்லவில்லை. அதுவும் தர்மகர்த்தாவிடம் போய்ச் சேர்ந்தது. அப்பா அன்று என்ன நினைத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. தான் சொல்ல முடியாததைப் படம் சொல்லட்டும் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்திருந்தால் அது எவ்வளவு சோம்பேறித்தனமான தைரியம்!

நாற்பத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. ஏழாவது படத்தை விடிந்ததுமே எடுத்து பிரிண்ட் போட்டுவிட்டோம். காலையில் கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. மாமா மீனை ஒரு வெள்ளை பக்கெட்டில் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அது உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது, நல்ல கொழுகொழுவென்று. சின்னப் பையன்கள் கையை விட்டுப் பார்க்கப் போய் அதட்டு வாங்கினார்கள். தர்மகர்த்தா ஏழு படங்களையும் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினார். என்னை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தார். புதுப் பாவாடை, தலையில் மல்லிகை, கழுத்தில் கேமரா. பெரியப்பா எதிரே, மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இதையெல்லாம் எடுத்தது நீதானா சாமி?” என்றார் தர்மகர்த்தா.

“ஆமாங்க.”

“வேற யாரும் கேமராவத் தொடலயே?”

“இல்லீங்க.”

“பட்டறைத் தண்ணிதான் ஊத்துனாங்களா?”

“கம்பெனிக் கேன்லதானுங்க வந்துச்சு. எங்கப்பாதான் கொண்டாந்தாரு.”

ஒவ்வொரு பதிலும் உண்மை. கேட்டதற்கு மட்டும் பதில். அப்பா சொல்லிக்கொடுத்த பாடத்தில் நூற்றுக்கு நூறு. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த ஒருவர், பெரியப்பாவின் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரர், இளைஞர், குனிந்து தாம்பாளத்தைப் பார்த்தவர் இரண்டு படங்களைக் கையில் எடுத்தார். ஒன்று முதல் ஞாயிறு. இன்னொன்று நான் பெருமைப்பட்ட ஐந்தாவது ஞாயிறு.

“ஏனுங்க, இங்க பாருங்க. இதுல ஒரு மீசை கட்டையா இருக்குது. இதுல முழுசா இருக்குது. இது எப்படீங்க ஒரே மீனாகும்?”

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். சாப்பிடும்போது நின்ற கையை மறுபடி பார்த்த மாதிரி இருந்தது. அவர் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று எனக்கு ஏன் தோன்றியது? மீசை முளைக்கும் என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால், அவருக்கு ஆபத்து என்று ஏன் தோன்ற வேண்டும்? யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே எழுந்து நின்று கணீரென்று சொன்னேன்.

“அது மொளைச்சுக்குச்சுங்க! நான் தினமும் பாத்தனுங்க. கொஞ்சம் கொஞ்சமா மொளைச்சுதுங்க.”

தினமும் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எதுவும் முளைக்கவில்லை. அந்த இரண்டு வாக்கியங்களை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவை முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு.

யாரோ சிரித்தார்கள். இளைஞர் விடவில்லை. “மீசை மொளைக்குமாங்க?” என்று சுற்றிலும் கேட்டார். மொளைக்கும் என்றார் ஒருவர், பல்லிக்கு வால் முளைக்கவில்லையா என்றார் இன்னொருவர். தர்மகர்த்தா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிட்டு, பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

“மீனு குடுத்தது நீங்க. உங்க கையால கொண்டாந்து உட்டீங்க. உங்களுக்குத் தெரியாததா? இது உங்க மீனுதானுங்களா? நீங்க சொல்றதுதான் முடிவு.”

பெரியப்பா எழுந்து வந்தார். இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தார். பக்கெட்டுக்குள் குனிந்து பார்த்தார். பிறகு தூணோரம் இருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. கடைசியாக என்னைப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன், எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“எந்தம்பி புள்ள சொல்லுதுல்லங்க,” என்றார். “அதே மீன்தான்.”

மனுவை மடியிலிருந்து எடுத்துக் குறுக்காக ஒரு கிழி, நெடுக்காக ஒரு கிழி கிழித்துத் தாம்பாளத்தில் போட்டார். அந்த இளைஞர், “அண்ணா, என்னங்கண்ணா இது” என்று எழுந்தார். பெரியப்பா அவர் பக்கம் திரும்பவில்லை.

அன்று முதல் அந்தக் குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச யாருக்கும் வாயில்லை, சாமி முன்னால் முடிந்த விஷயம். இரண்டு வருடத்தில் பெரியப்பாவின் கிணற்றுத் தண்ணீர் கடுங்காப்பி ஆனது. தென்னை குருத்திலிருந்து காய்ந்தது. மஞ்சள் போட்ட இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மாடுகள் சினை தங்கவில்லை, ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. பெரியப்பா ஒரு நிட்டிங் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். காக்கிச் சட்டையும் தொப்பியுமாக, அவர் வயதில் பாதிகூட இல்லாத சூப்பர்வைசர்கள் வண்டியில் வரும்போது எழுந்து கேட்டைத் திறந்துவிடுவார். பள்ளிக்கூட வேனில் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். கையாட்டுவேன், அவரும் ஆட்டுவார். கேள்வி கேட்ட அந்த இளைஞர் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு, கடைசியில் மாமாவின் பட்டறையிலேயே துணிக்குச் சாயம் ஏற்றும் வின்ச் மெஷின் ஓட்டப் போனார். அவர் மட்டும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது எனக்கு அப்போது திமிராகப் பட்டது.

நான் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது பெரியப்பா இறந்துபோனார். காரியம் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டே, இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரியும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

“அன்னைக்கு மத்தியானம் ஊட்டுக்கு வந்து திண்ணவே இல்ல உங்க பெரியப்பன். மீனு மாறிப்போச்சு புள்ளேன்னாரு. பக்கெட்டுல பாத்தவுடனே தெரிஞ்சுதாம். அப்பறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்கன்னு நான் சண்டை புடிச்சேன். ஊரு முன்னால புள்ள பொய் சொல்லுதுன்னு என்ற வாயால சொல்லோணுமான்னாரு. அத்தனை பேரும் இனி அதை என்னன்னு கூப்புடுவாங்க, அது எப்புடிப் பள்ளிக்கோடம் போகும், அதும் அப்பன் எங்க போயிச் சோறு திம்பான்னாரு. போவுது உடுன்னாரு.”

முறத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. “நீ சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்” என்று அவரே சமாதானமும் சொன்னார்.

பெரியப்பா செய்தது பெருந்தன்மை என்று எல்லாரும் சொல்லுவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய ஆறு ஏக்கரை அவர் எனக்காக விட்டுக்கொடுக்கலாம். அவரை நம்பிக் கையெழுத்துப் போட்ட பத்துப் பேருடைய காட்டையும் சேர்த்து விட்டுக்கொடுக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? பதினோரு வயதுப் பெண்ணின் மானம் ஓர் ஓடைக்கரையைவிடப் பெரியதா? அன்றைக்கே அவர் என்னைப் பொய்க்காரி என்று சொல்லியிருந்தால் நான் ஒரு மாதம் அழுதிருப்பேன். பிறகு சரியாகியிருப்பேன். கிணறு சரியாகவில்லை. மாமாவின் மீது வருகிற ஆத்திரம்கூட எளிதாக ஆறிவிடுகிறது, அவர் தன் லாபத்துக்காகச் செய்தார். அப்பாவின் மீது வருவது ஆறுவதே இல்லை. ஆனால் இரண்டையும் விட, என்மீது அன்பு வைத்த மனிதர் மீது வருகிற இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்த அந்தக் காலையில் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. நான் ஜெயித்திருந்தேன். மாமா எல்லார் முன்னாலும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். நேராகப் பெரியப்பாவைத் தேடிக்கொண்டு ஓடினேன். அவர் வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, என்ற போட்டோவெல்லாம் எப்படீங்க இருந்துச்சு?”

அவர் என் தலையில் கையை வைத்தார்.

“நல்லாருக்குது கண்ணு. தண்ணி ரொம்பத் தெளிவா உழுந்திருக்குது.”

தண்ணீர் தெளிவாக விழ வேண்டுமென்றால் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் வெயிலில் நின்று கடைசி வரைக்கும் கேட்டார். என் திறமையை இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை என்று அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.